ஃபிஜித் தடி ஒன்று கைக்கு வந்திருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நெய்தல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஆக்லாந்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன், சொந்த ஊர் வேளாங்கண்ணிக்குப் பக்கம். போன சனிக்கிழமை, இறந்துபோன ஒரு பெரியவரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். சாப்பாட்டு மேசை வாங்கலாம் என்று போனேன். மேசை வேறொருவருக்குப் போய்விட்டது. வாசல் ஓரத்தில் குடைகள் செருகிவைக்கும் ஜாடிக்குள் ஒரு குட்டை மரத்தடி நின்றது. எடுத்துப் பார்த்தேன், கீழே வைக்க மனசு வரவில்லை. 180 டாலர் கொடுத்து வாங்கிவிட்டேன்.

நீளம் 41 சென்டிமீட்டர், எடை 540 கிராம். தலை ஆரஞ்சுப் பழம் அளவு. வழவழப்பாக இல்லை, பரங்கிக்காய் மாதிரி பத்தி பத்தியாகப் புடைத்து, நடு உச்சியில் ஒரு குமிழ். காம்பு என் கட்டைவிரல் தடிமன்தான். பிடியில் ஒரு கை அகலத்துக்கு நெளிநெளியாகக் கோடு செதுக்கியிருக்கிறது. மொத்தமும் வறுத்த காப்பிக்கொட்டை நிறம், பிடி மட்டும் இன்னும் கருப்பு.

ஏலச் சீட்டில் 'அலங்காரத் தடி, ஆப்பிரிக்கா' என்று இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் 'இது ஃபிஜி' என்றார். வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்தேன். வறண்டு தெரிந்ததால் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவினேன். படம் இணைத்திருக்கிறேன். இது என்ன தடி, எதற்குப் பயன்பட்டது, எப்படிப் பத்திரப்படுத்துவது?

பழஞ்சரக்கு:

முதலில் அந்த எண்ணெயை இனிமேல் தொடாதீர்கள். காரணத்தை லண்டன் குமரன் வந்து சொல்லட்டும், அவர் வேலையே அது.

பக்கத்தில் நின்றவர் சொன்னது சரி. ஃபிஜி எறிதடி, பெயர் ஊலா. தலை வெறும் உருண்டையாக இருந்தால் ஊலா திரிசியா, உங்களுடையதுபோல் பத்தி பிரித்துச் செதுக்கியிருந்தால் ஊலா தவதவா. ஃபிஜி வீரன் இதை இடுப்புக் கச்சையில் ஒன்றோ இரண்டோ செருகிக்கொண்டு போவான். கையில் பெரிய தடி இருக்கும். நெருங்குவதற்கு முன்னால் ஊலா பறக்கும், எதிராளி நிலைகுலையும் நேரத்தில் பெரிய தடி இறங்கும். பிடியில் இருக்கும் நெளிகோடுகளைப் பார்ப்பவர்கள் அலங்காரம் என்பார்கள். ஒருமுறை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், வியர்த்த உள்ளங்கை வழுக்காமல் இருக்கச் செய்த வேலை அது.

தலையும் காம்பும் ஒட்டுப்போட்டதா என்று பலர் கேட்பார்கள். ஒரே மரம். இளமரத்தை வேரோடு பிடுங்கி, வேர் திரண்டு முடிச்சாக இருக்கும் இடத்தைத் தலையாகவும் தண்டைக் காம்பாகவும் செதுக்குவார்கள். அதாவது மரம் தலைகீழாக நிற்கிறது. வேர்முடிச்சில் நார் நாலாபக்கமும் பின்னிக் கிடப்பதால் அடி விழுந்தால் பிளக்காது.

நான் மெல்பர்னில் 18 வருடமாகத் தடிகள் சேர்க்கிறேன். இப்போது 14 இருக்கின்றன. 180 டாலருக்கு ஒரு நல்ல ஊலா என்பது எனக்கு இதுவரை அமையாத யோகம்.

சிறுகாலை:

நம்ம வளரி மாதிரியா?

பழஞ்சரக்கு:

எறிவது மட்டும்தான் பொது. வளரி தட்டையான பிறை, சுழன்று போவது. ஊலாவில் பாரம் முழுக்கத் தலையில்.

தச்சன்மகன்:

என்ன மரம் என்று யாரும் சொல்லவில்லையே? எனக்கு அதுதான் முதலில் தெரியணும். கடலூர்ப் பக்கம் மூன்று தலைமுறையாகத் தச்சு வேலை.

பழஞ்சரக்கு:

ஊலாவுக்குப் பலவகை மரம் உண்டு, படத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபிஜியின் பெரிய போர்த்தடிகளில் பெரும்பாலானவை இரண்டு மரங்களில் செய்தவை. ஒன்று வெசி, செந்நிறமான கனத்த மரம். இன்னொன்று நொக்கோநொக்கோ. இந்த இரண்டாவது பெயரைத் தேடிப் போனால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். அது காசுவரினா ஈக்விசெட்டிஃபோலியா. நம்ம ஊர்ச் சவுக்கு.

தச்சன்மகன்:

சவுக்கா?! பந்தல்கால் சவுக்கா?

பழஞ்சரக்கு:

அதேதான். டோங்கா, சமோவா, மார்க்கெசாஸ் தீவுகளில் அதற்கு 'டோவா' என்று பெயர். அதே சொல்லுக்கு அந்த மொழிகளில் வீரன் என்றும் பொருள். டஹிட்டியில் 'ஐட்டோ', அங்கேயும் மரத்துக்கும் வீரனுக்கும் ஒரே சொல்.

தச்சன்மகன்:

ராத்திரி முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் சவுக்கை யாரும் மரமாகவே மதிப்பதில்லை. நட்ட நாலைந்து வருடத்தில் வெட்டிச் சாரம் கட்டவும் பந்தல் போடவும் அனுப்புவோம், மிச்சம் காகித ஆலைக்கும் அடுப்புக்கும் போகும். வைரம் பாய விட்டால்தானே அதன் குணம் தெரியும்? எங்கள் கொட்டகையில் ஒரு பழைய சவுக்குத் தூண் இருந்தது, தாத்தா காலத்தது. அதில் ஆணி அடிக்கப் போனால் ஆணி மடங்கும். துண்டை வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் போட்டோம், கல் மாதிரி உள்ளே போனது. அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை, இதை ஒருவன் ஆயுதமாக்கியிருப்பான் என்று.

ஒரு சந்தேகம். வளைந்த தடிகளும் உண்டு என்று படங்களில் பார்க்கிறேன். துப்பாக்கிக் கட்டை மாதிரி முழங்கை வளைவு. அந்த வளைவில் இழை வெட்டுப்பட்டால் ஒரே அடியில் தெறித்துவிடுமே?

பழஞ்சரக்கு:

தச்சர் கேட்கிற கேள்வி இதுதான். இழை வெட்டுப்படாது, ஏனென்றால் அந்த வளைவை உளியால் கொண்டுவரவில்லை. மரம் கன்றாக நிற்கும்போதே வளைத்துக் கட்டி, அந்த வளைவிலேயே வளர விட்டார்கள். பிறகுதான் வெட்டிச் செதுக்குவது. ஆகவே காம்பிலிருந்து மூக்கு வரை நார் முறியாமல் ஓடும். இன்றைக்குக் கன்றைக் கட்டுகிறவன், அது தடியாகும்போது எத்தனை வயதில் இருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். தனக்கென்று கட்டினானா, மகனுக்கென்று கட்டினானா! என்னைத் தடிகளோடு கட்டிப்போட்டதே இந்த ஒரு விஷயம்தான்.

வளைந்த தடிகளில் இரண்டு முக்கியம். காத்தா என்பது பாம்பு, வாய் பிளந்த பாம்பின் தலை மாதிரி முனை. இன்னொன்று சாலி. வாழை இனத்துக் காட்டுச் செடி ஒன்றின் பூவுக்கு அந்தப் பெயர், தடியும் அந்தப் பூவின் சாயலில்தான் இருக்கும். ஏல விற்பனைக்காரர்கள் இதைத் 'துப்பாக்கிக் கட்டைத் தடி' என்று எழுதுவார்கள். ஃபிஜிக்காரர்கள் துப்பாக்கியைப் பார்த்துச் செய்தார்கள் என்று ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் நினைத்துக்கொண்டதன் மிச்சம் அது.

அதைவிடத் தப்பான பெயர் டொட்டொகியாவுக்கு வைத்தது. 'அன்னாசித் தடி' என்கிறார்கள். அன்னாசி அமெரிக்கப் பழம், பசிபிக்குக்கு ஐரோப்பியர்களோடு வந்தது. டொட்டொகியாவின் தலை தாழம்பழத்தின் சாயல். கடற்கரைத் தாழைப் புதரில் பழம் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும்: முள் முள்ளாகப் புடைத்த கொட்டைகள், நடுவில் ஒரு கூரிய அலகு. பாரம் முழுக்க அந்த அலகுக்குப் பின்னால். வீசி அடிக்கத் தேவையே இல்லை, மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் மண்டையோட்டில் துளை விழும். பதுங்கி நின்று அடிக்கிறவனுக்கு ஏற்ற ஆயுதம். தலைவர்களும் பெயர்பெற்ற வீரர்களும் வைத்திருந்தது.

சிறுகாலை:

எல்லாம் படித்தேன். எனக்கு ஒன்று உறுத்துகிறது, கேட்டுவிடுகிறேன். இவை மனிதர்களைக் கொல்லச் செய்தவை. அதிலும் பெரும்பாலும் காலனி ஆட்சிக் காலத்தில் ஊரைவிட்டுப் போனவை. நம் கோயில் சிலைகள் வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் இருந்தால் 'திருப்பிக் கொடு' என்று நாம் கேட்கிறோம். அடுத்தவன் ஊர்ப் பொருளை நம் வீட்டு அலமாரியில் வைப்பது மட்டும் எப்படிச் சரி? யாரையும் குத்திக்காட்டக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நாடிக்காரன்:

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பிறந்தது நாடி, ஃபிஜி. கொள்ளுத்தாத்தா கிர்மிட் ஒப்பந்தத்தில் சென்னையிலிருந்து கப்பல் ஏறி வந்தவர். இந்தியாவிலிருந்து கூலிக் கப்பல்கள் 1879-இலேயே வரத் தொடங்கிவிட்டன, ஆனால் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவர்களை ஏற்றியது 1903-இலிருந்துதான். எங்கள் வீட்டுக்கு அடுத்த தோட்டம் ஒரு இதௌக்கேய் குடும்பத்தினுடையது. இதௌக்கேய் என்றால் மண்ணின் மக்கள். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கியாக்காவோ தொங்கும். அது நடனத்தில் கையில் பிடித்து ஆடுகிற தடி, வேண்டுமானால் அடிக்கவும் அடிக்கலாம். விசேஷ நாளில் அந்த வீட்டுத் தாத்தா அதை இறக்கி மகனிடம் கொடுப்பார். நான் சின்னப்பையன், தொட்டுப் பார்க்கணும் என்று கை நீட்டினேன். அவர் திட்டவில்லை. என்னை உட்காரச் சொன்னார், உட்கார்ந்த பிறகு மடியில் வைத்தார். நின்றுகொண்டு வாங்கக் கூடாது, அவ்வளவுதான் அதில் பாடம்.

பழைய நாளில் உயிர் எடுத்த தடிக்குத் தனிப் பெயர் வைப்பார்கள். கொன்றவனுக்கும் 'கொரோய்' என்று தொடங்கும் புதுப்பெயர் கிடைக்கும். சில தடிகளில் மனிதப் பல்லைப் பதித்திருப்பார்கள். பெயர்பெற்ற தடிகளைத் தெய்வ வீட்டில் காணிக்கையாக வைப்பதும் உண்டு. ஆக, தடி என்பது அங்கே வெறும் கட்டை இல்லை, ஆள் மாதிரி.

1854-இல் பாவு தீவின் தலைவர் தாக்கொம்பாவ் கிறிஸ்தவரானார். அதற்குப் பிறகு ஊர் ஊராகத் தெய்வ வீடுகள் போயின. பாவுவில், எதிரிகளின் தலையை மோதிக் கொன்ற கல் இன்றைக்குத் தேவாலயத்தில் ஞானஸ்நானத் தொட்டியாக இருக்கிறது. 1874-இல் நாட்டை பிரிட்டனிடம் ஒப்படைத்தபோது தாக்கொம்பாவ் தன் சொந்தப் போர்த்தடியையே விக்டோரியா அரசிக்கு அனுப்பினார். அதில் வெள்ளியில் கிரீடமும் புறாக்களும் பதித்திருக்கும். 1932-இல் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் அதைத் திருப்பி அனுப்பினார். ஃபிஜி நாடாளுமன்றத்தில் சபாநாயகர் முன்னால் வைக்கும் செங்கோல் இப்போது அந்தத் தடிதான். திரும்பி வந்த தடி என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அக்கா கேட்டதற்கு நேரடியாக வருகிறேன். எல்லாத் தடியும் கொள்ளை போனதல்ல. போர் நின்ற பிறகு எங்கள் ஊர்க்காரர்களே துணிக்கும் கோடரிக்கும் காசுக்கும் கொடுத்தது நிறைய. 1870களுக்குப் பிறகு கப்பலில் வந்தவர்களிடம் விற்பதற்கென்றே செய்ததும் நிறைய. ஆனால் 1876-இல், ஃபிஜியின் பெரிய தீவான வீத்திலேவுவின் மலைநாட்டில் அரசாங்கம் படை அனுப்பி ஊர்களை அடக்கியபோது ஆயுதங்கள் பிடுங்கப்பட்டன. அப்படிப் போனவை வேறு. ஒரு தடிக்கு இன்ன ஊர், இன்ன தலைவர் என்று தெரிந்தால் அது வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது. இது என் கருத்து, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழஞ்சரக்கு:

நாடிக்காரன், கடைசி வரியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். சிக்கல் எங்கே என்றால், தொண்ணூறு தடிக்கு மேல் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், அதில் ஊர்ப் பெயரோடு வந்தவை இரண்டு. மற்றதெல்லாம் வழியில் எங்கோ பெயரைத் தொலைத்தவை. சேர்க்கிறவர்கள்தான் அதற்குப் பெரிய காரணம். ஒருவர் வாங்கும்போது காகிதத்தைக் கிழித்தார், அடுத்தவர் ஒட்டியிருந்த சீட்டைச் சுரண்டினார், மூன்றாமவர் பளபளப்பாக்கினார்.

சிறுகாலை:

அப்படியென்றால் சேர்ப்பதை நிறுத்துவதுதானே வழி?

பழஞ்சரக்கு:

நான் நிறுத்தினால் அது குடை ஜாடிக்குத் திரும்பும். எனக்கு அதைவிட, கையில் இருப்பதன் பெயரைத் தேடுவது சரியாகப் படுகிறது. ஆனால் இப்போது ஃபிஜியிலிருந்து நேராக வெளியே வரும் பழைய பொருளை நான் வாங்குவதில்லை. தொல்பொருள்களுக்கு அங்கே 1940-ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. திமிங்கிலப் பல் பதித்த தடி என்றால் இன்னொரு சட்டமும் சேரும், எல்லை தாண்ட உயிரினப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். நெய்தல்வாசி, நீங்கள் இருக்கும் நியூசிலாந்தில் அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளின் பொருள் கண்ணில் பட்டால் இன்னும் கவனம். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தனி, நாட்டைவிட்டு எடுத்துப் போகும் எண்ணமே வேண்டாம்.

சிறுகாலை:

உங்கள் பதில் எனக்கு முழுக்கச் சமாதானமாக இல்லை. ஆனால் யோசிக்கிறேன்.

லண்டன் குமரன்:

தாமதத்துக்கு மன்னிக்கவும், இரவுப் பணி. அருங்காட்சியகப் பொருள் பராமரிப்பில் இருக்கிறேன். எண்ணெய் விஷயத்துக்கு வருவோம்.

பழைய மரத்தின் மேல் இருக்கும் கருமை சாயம் கிடையாது. நூறு நூற்றைம்பது வருடக் கைவியர்வை, அடுப்புப்புகை, தூசி, காற்று எல்லாம் சேர்ந்து மரத்தின் தோலாகவே ஆகிவிட்ட ஒன்று. புது எண்ணெய் அதன் மேல் உட்கார்ந்தால் தூசியை இழுத்துப் பிசுக்காகும், நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும். பின்னால் யாராவது பழைய பிசினையோ ரத்தக்கறையையோ ஆராய நினைத்தால் அதுவும் கெட்டுப்போகும். லேசாகத்தான் தடவினேன் என்கிறீர்கள், ஆகவே பெரிய சேதம் இல்லை. சாயமில்லாத மெல்லிய பருத்தித் துணியால் உலர ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். சோப்பு, தண்ணீர், சாராயம் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: பழைய சேகரிப்புகளில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக், பாதரச உப்பு, டிடிடி எல்லாம் பூசியிருக்கிறார்கள். உங்கள் தடி எங்கெங்கே இருந்து வந்தது என்று தெரியாதவரை கையுறை போட்டு எடுங்கள், எடுத்த பிறகு கையைக் கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். குடை ஜாடியில் கிடந்தது என்பதால் பூச்சி பயம் இருந்தால், பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். பல், தந்தம் பதித்ததாக இருந்தால் உறைபெட்டி கூடவே கூடாது.

நெய்தல்வாசி:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். மார்க்கெசாஸ் தீவுக்காரர்களே தடிக்குத் தேங்காய் எண்ணெய் பூசினார்கள் என்று நேற்று படித்தேன். அவர்கள் செய்ததை நான் செய்தால் என்ன தப்பு?

பழஞ்சரக்கு:

படித்தது உண்மை. அந்தத் தடிக்கு ஊஊ என்று பெயர். ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, சவுக்கு மரம், செய்து முடித்ததும் சேப்பங்கிழங்கு வயலின் சேற்றில் புதைத்துவைப்பார்கள். சேறு ஊறி மரம் கருக்கும். பிறகு எண்ணெய் விட்டுத் தேய்த்தால் கருங்கல் மாதிரி மினுங்கும். தலையின் இருபுறமும் முகம். முகத்தின் கண்ணை உற்றுப் பார்த்தால் கண்மணியே ஒரு குட்டி முகம். மூக்கு இருக்கும் இடத்தில் இன்னொரு முகம். உச்சி உட்குழிந்த வளைவு, நிற்கும்போது அக்குளில் முட்டுக் கொடுத்துச் சாய்ந்துகொள்ள. ஒருமுறைதான் கையுறையோடு தொட்டேன், அரை நிமிஷம். இன்றைக்கு ஒரு நல்ல ஊஊ வாங்க வீட்டை விற்கணும்.

அவர்கள் எண்ணெய் பூசியது பயன்பாட்டில் இருந்த தடிக்கு. அதைச் செய்தவன் உயிரோடு இருந்தான், வீணானால் வேறு செய்வான். உங்கள் கையில் இருப்பதை இனி யாரும் செய்ய முடியாது.

லண்டன் குமரன்:

இதைவிட நன்றாக நானே சொல்லியிருக்க மாட்டேன்.

நெய்தல்வாசி:

புரிந்தது. போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னுடையது நிஜம்தானா?

பழஞ்சரக்கு:

நான் ஏமாந்த விதத்தைச் சொல்கிறேன், அதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. முதல் தடியை ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினேன், சாலி என்று சொல்லி. கருகருவென்று அழகாக இருந்தது. வீட்டில் வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கருப்பாகிறது. மோந்து பார்த்தேன், காலணிப் பாலிஷ். பிறகு பூதக்கண்ணாடி வைத்துச் செதுக்கலைப் பார்த்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரே அளவில் வட்ட வட்டமாக இழுத்த தடம். சுழலும் கருவி. கையால் செதுக்கிய கோடு ஒன்று போல் ஒன்று இருக்காது, கை திரும்பும் இடத்தில் ஆழம் மாறும், ஓரிடத்தில் உளி வழுக்கியிருக்கும்.

பழைய தடியில் தேய்மானம் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். பிடியின் கோடுகள் மழுங்கியிருக்கும், காம்புக்கும் தலைக்கும் நடுவில் கூர்மை அப்படியே இருக்கும். விற்பதற்காகப் பழசாக்கியவன் உப்புத்தாளால் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தேய்ப்பான். வெடிப்பையும் பாருங்கள். பல பத்து வருடம் காய்ந்து தானாக விட்ட வெடிப்பு இழையோடு ஓடும், அதன் உட்பக்கமும் வெளிப்பக்கம் போலவே கருத்திருக்கும். உள்ளே வெளிர்நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் என் மனசை இன்றைக்கும் வருத்துவது போலி இல்லை. இரண்டாவது வருடம் ஒரு நிஜமான காத்தா கிடைத்தது. விற்றவர் நல்ல மனசோடு, எனக்குச் சுத்தமாகக் கொடுக்கணும் என்று, முழுக்க இழைத்து வார்னிஷ் அடித்துவிட்டார். ஒரு மூலையில் மட்டும், பாம்பின் வாய்க்கு உள்பக்கம் உப்புத்தாள் எட்டாத இரண்டு அங்குலத்தில், பழைய தோல் மிச்சம் இருந்தது. அந்த இரண்டு அங்குலம் எப்படி இருந்தது என்றால், புகை படிந்த சமையலறை உத்தரம் இருக்குமே, அது. மற்ற இடமெல்லாம் புது நாற்காலிக் கால். அதை நான் விற்கவில்லை. யாராவது புதிதாகச் சேர்க்க வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

உங்களுடையது படத்தில் நன்றாகத்தான் தெரிகிறது. விலை எல்லாரும் கேட்பதால் சொல்கிறேன், ஊலா சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் வரை போகும், வரலாறு தெரிந்தால் மேலே. ஆக்லாந்து அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கிருக்கும் தடிகளைப் பாருங்கள். லண்டன் வியாபாரி வில்லியம் ஓல்ட்மேன் தனக்கென்று வைத்திருந்த பசிபிக் சேகரிப்பை 1948-இல் நியூசிலாந்து அரசு 44,000 பவுனுக்கு வாங்கி அந்நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. நாலு மணி நேரம் நல்ல தடிகளைப் பார்த்த கண்ணுக்குக் கெட்ட தடி தானாகத் தெரியும்.

அப்புறம் ஒரு வேலை. அறையை இருட்டாக்கி, கைவிளக்கை மேற்பரப்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். எழுத்து ஏதாவது இருந்தால் அப்போதுதான் தெரியும்.

நெய்தல்வாசி:

பார்த்தேன்! பிடியின் அடிவட்டத்தில் மையில் எண்கள். '2', '1', மூன்றாவது '7' மாதிரி. பக்கத்தில் பசை காய்ந்த சதுரத் தடம், ஒட்டியிருந்த சீட்டு உதிர்ந்துபோயிருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. கை நடுங்குகிறது.

பழஞ்சரக்கு:

யாரோ கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். 217 என்றால் மீதி 216 எங்கே? ஏலம் விட்டவர்கள் மூலம் அந்தப் பெரியவரின் குடும்பத்தைக் கேளுங்கள். இன்றைக்கே. வீட்டைக் காலி செய்கிறவர்கள் காகிதங்களைத்தான் முதலில் போடுவார்கள்.

நாடிக்காரன்:

எனக்கும் ஒரு வரி போடுங்கள் தம்பி, என்ன கிடைத்தாலும்.

நெய்தல்வாசி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பெரியவரின் மகள் பேசினார், எழுபது வயதுக்கு மேல். நோட்டுப் புத்தகம் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய தாத்தா ஃபிஜிக்கும் ஆக்லாந்துக்கும் இடையே ஓடிய கப்பலில் வேலை பார்த்தாராம். சின்ன வயதில் தாழ்வாரச் சுவரில் தடிகள் விசிறி மாதிரி விரித்து மாட்டியிருந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசியாக மிஞ்சியது இந்த ஒன்று. 'அப்பா குடையைத் தேடும்போதெல்லாம் அதை எடுத்து ஒருமுறை கையில் சுழற்றிவிட்டுத்தான் வைப்பார்' என்றார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தேதி போட்டு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். தடியோடு அந்தக் காகிதமும் இனி இருக்கும். எண்ணின் படத்தையும் அளவுகளையும் சேர்த்து சுவாவில் இருக்கும் ஃபிஜி அருங்காட்சியகத்துக்கு எழுதியிருக்கிறேன். இன்ன ஊர் என்று அவர்கள் சொன்னால், நாடிக்காரன் அண்ணா, கொண்டுபோகும்போது நீங்களும் கூட வரணும்.

நாடிக்காரன்:

வருகிறேன். கட்டாயம் வருகிறேன்.

சிறுகாலை:

நெய்தல்வாசி, இதைப் படித்ததும் என் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. மீதிக்கு அந்தக் கடிதத்தின் பதில் வரட்டும்.

தச்சன்மகன்:

இங்கே இவ்வளவு நடக்கிறது, நான் பாட்டுக்கு ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். பங்காளி தோப்பில் ஒரு சவுக்கங்கன்றை வேரோடு தோண்டி எடுத்தேன். தோண்டவே ஒரு காலை ஆனது. பக்கவேர்களை நறுக்கி, முடிச்சை வாய்ச்சியால் கொத்த ஆரம்பித்தேன். தண்டுப் பக்கம் வாய்ச்சி நன்றாகவே ஏறுகிறது. முடிச்சுக்கு வந்ததும் ஒரு கொத்து இந்தப் பக்கம் போனால் அடுத்தது எதிர்ப்பக்கம் இழுக்கிறது, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கைக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை தீட்டினேன். இரும்பு வருவதற்கு முன்னால் இதைக் கல் வாய்ச்சியால் செய்தவன் எவ்வளவு பொறுமைக்காரனாக இருந்திருக்கணும்!

உருண்டை ஒரு மாதிரி வந்தது. சந்தோஷத்தில் திண்ணையில் வெயிலில் வைத்துவிட்டேன். நாலாம் நாள் தலையிலிருந்து காம்பு வரை விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்துவிட்டது. பச்சை மரத்தை வெயிலில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும், அவசரம்தான். இரண்டாவது வேரை எடுத்து, பட்டையை உரிக்காமல், இரண்டு முனையிலும் சாணி பூசி, கொட்டகைக்குள் மணலில் புதைத்து வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்குத் தொட மாட்டேன்.

பங்காளி தோப்பு ஓரத்தில் இன்னொரு கன்று நிற்கிறது, இடுப்பு உயரம். அதைக் கயிறு போட்டு வளைத்துக் கட்டிவிட்டு வந்தேன். வெட்டுகிறபோது அதை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். என் பையனுக்கு இப்போது ஏழு வயது.